ஒரு முழ அகல நெருப்பு

(சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், மாசி மாத மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேசியவர் வனத்துறையில் வனவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.)



மலைத்தீயைப் பற்றி இந்த ஊரில் பேசக் கிடைத்ததில் எனக்கு நிறைவு. இது மலையைக் கும்பிடுகிற ஊர். குன்றைக் குடைந்த குகைக்குள் நரசிம்மர் இருக்கிறார். அவரை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றித்தான் வர வேண்டும். வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரை ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே குன்றுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பெரிய மலைகள் இல்லை. பாறையும் முட்புதரும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் சிறு குன்றுகள். மாசி பிறந்துவிட்டால் அவற்றில் எங்காவது புகை தெரியும். இரவில் சிவப்பாக ஒரு கோடு ஊரும். மொட்டை மாடியில் நின்று பார்ப்போம், கைப்பேசியில் படம் எடுப்போம், கீழே இறங்கிப் படுத்துக்கொள்வோம்.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் என்ன தெரியும் என்பதுதான் இன்றைய பேச்சு. தூரத்தில் நிற்பவருக்குத் தீ ஒரு காட்சி. பக்கத்தில் நிற்பவருக்கு அது சில விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் காரியம். அந்த விதிகள் மலையடிவாரத்து மக்களுக்கும் வனத்துறையின் கடைநிலை ஊழியர்களுக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தெரியாமல் போனதற்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் குரங்கணி மலை. சென்னையிலிருந்து வந்த ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழு என்று முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று மலையில் இருந்தார்கள். சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். பலர் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்த இளம் வயதினர். முதல் நாள் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பகுதிக்கு ஏறித் தங்கிவிட்டு, மறுநாள் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில், காய்ந்த புல் மண்டிய சரிவில், தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மலையேற்றத்துக்கு அனுமதி இருந்தது குரங்கணி - டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான், இவர்கள் போன பாதைக்கு இல்லை என்று வனத்துறை பிறகு தெரிவித்தது.

செய்தி கீழே வந்ததும் முதலில் மலையேறியவர்களில் குரங்கணி சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்களோடு வனத்துறையினர், தீயணைப்புத் துறையினர், காவல் துறையினர். அன்றிரவு மலையில் ஆங்காங்கே தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த வெளிச்சத்திலும் டார்ச் வெளிச்சத்திலும் குரல் கொடுத்து, குரல் கேட்ட திக்கில் போய், காயம்பட்டவர்களைப் போர்வையிலும் தோளிலும் சுமந்து இறக்கினார்கள். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் வான்வழியே நடந்த வேலையில் பெரும்பகுதி விடிந்த பிறகுதான் நடந்தது. இரவு முழுவதும் மலையில் உழைத்தவை மனிதர்களின் கால்களும் தோள்களும்தான். தேனியிலும் மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைகளில் பல நாள் போராடி இறந்தவர்களையும் சேர்த்து, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை அந்தத் தீ கொண்டுபோனது.

வெள்ளிக்கிழமை இரவில் பெருங்களத்தூரிலும், இப்போது கிளாம்பாக்கத்திலும், தோளில் பையோடு பஸ்சுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குரங்கணிதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் மலைக்குப் போவது நல்ல காரியம். கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு மலையைப் போல மருந்து கிடையாது. ஆனால் மலைக்குப் போகிறவர்களுக்கு மலையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு. அதைத்தான் இப்போது செய்யப் பார்க்கிறேன்.

முதல் விதி, சரிவு. வீட்டில் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, மருந்து முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். சுடர் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கும். பாதியில் அணைந்தும் போகும். அதே குச்சியை முனை கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடித்தால், நொடியில் விரலைச் சுட்டுவிடும். மலைச்சரிவு என்பது இப்படிச் சாய்த்துப் பிடித்த குச்சிதான். அடிவாரத்தில் பற்றிய தீயின் சுடர் மேலே இருக்கும் புல்லை நோக்கிச் சாய்கிறது. சூடான காற்றும் அதே திக்கில் ஏறுகிறது. ஆகவே தீ வந்து தொடுவதற்கு முன்பே மேலே உள்ள புல்லின் ஈரமெல்லாம் போய்விடுகிறது, தொட்டதும் பற்றிக்கொள்கிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீ அறிஞர் மெக்ஆர்தர் வகுத்த கணக்கு. சமதரையில் மணிக்கு 3 கிலோமீட்டர் நகரும் புல்தீ, 20 பாகைச் சரிவில் 12 கிலோமீட்டர் வேகத்திலும், 30 பாகைச் சரிவில் 24 கிலோமீட்டர் வேகத்திலும் ஏறும். அப்படிப்பட்ட சரிவில், இடுப்பளவு புல்லுக்குள், முதுகில் பையோடு ஏறுகிற மனிதர் மணிக்கு 3 கிலோமீட்டர் ஏறினாலே அதிகம். மேல்நோக்கி ஓடித் தீயிடமிருந்து தப்ப முடியாது என்பதற்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

இரண்டாவது விதி, காற்று. பகலில் வெயில்பட்டுச் சரிவு சூடேறுவதால் காற்று பள்ளத்தாக்கிலிருந்து உச்சியை நோக்கி ஏறும். இரவில் உச்சிப் பக்கம் சீக்கிரம் குளிர்ந்து, கனத்த காற்று கீழே இறங்கும். ஆகையால் பிற்பகலில் சரிவும் காற்றும் சேர்ந்து தீயை மேலே தள்ளுகின்றன. நாளின் மிக மோசமான வேளை அதுதான். குரங்கணியில் அந்தப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டதும் அந்த வேளையில்தான். ஓடைப் பள்ளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீ வரும்போது பள்ளத்தில் இறங்கிப் பதுங்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் குறுகிய, புதர் மண்டிய பள்ளத்தின் வழியாகத்தான் வெப்பக்காற்று குவிந்து மேலே ஏறும். தீயும் அந்த வழியைத்தான் தேடும். தண்ணீரோ வெறும் பாறையோ இல்லாத பள்ளம் ஒளிவதற்கு உகந்த இடம் இல்லை.

மூன்றாவது விதி, எரிபொருள். புல்லும் சருகும் காற்றில் ஈரம் கூடினால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். காற்று காய்ந்தால் அதே வேகத்தில் காய்ந்துவிடும். விழுந்து கிடக்கும் பெரிய மரமோ காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். எரிய ஆரம்பித்தால் அணைவதற்கும் நாள்கணக்கில் ஆகும். ராத்திரியில் தீ ஏன் படுத்துக்கொள்கிறது, காலையில் ஏன் மறுபடியும் எழுந்துகொள்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இனி ராத்திரிக்கு வருகிறேன். பணியில் இருந்தபோது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தீயணைக்கப் போன ஓர் இரவு. கீழே ஊரிலிருந்து பார்த்தபோது மலையே எரிகிற மாதிரி இருந்தது. வளைந்து வளைந்து, மைல் கணக்கில் ஒரே சிவப்பு. எங்களோடு வந்த தீத்தடுப்புக் காவலர் மலைவாழ் மக்களைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர். நான் நேராகத் தீயைப் பார்த்து ஏறத் தொடங்கியதும் அவர் தடுத்தார்: "சார், நேரா ஏறாதீங்க. பக்கவாட்டுல வாங்க. எரிஞ்ச தரையில கால் வச்சுத்தான் போகணும்." "சரிங்கண்ணே" என்று அவர் பின்னால் நடந்தேன்.

முதலில் சத்தம் கேட்டது. புல் எரியும் சடசடப்பு. நடுநடுவே மூங்கில் கணுக்கள் வெடிக்கும் ஓசை. பிறகு முகத்தில் அனல். இன்னும் நாலடி நடந்ததும் தீ கண்முன்னே. ஊரிலிருந்து மலையையே விழுங்கியதாகத் தெரிந்த நெருப்பு, பக்கத்தில் போனால் ஒரு முழ அகலம்தான். முழங்கால் உயரச் சுடர். அதற்கு முன்னால் எரியாத புல். பின்னால் எரிந்து முடிந்த கரி. நடுவில் ஒரு முழம். அந்த ஒரு முழம் விடாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். பக்கிப் பறவைகள் வெளிச்சத்தின் விளிம்பில் தாழப் பறந்து, தப்பி எழும் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. எரிந்த பக்கத்தில் அடிக்கட்டைகள் கனன்றுகொண்டிருந்தன. உள்ளே பொந்து விழுந்த ஒரு மரம், வெளியே பட்டை கருகாமலே, உச்சியில் பொறி கக்கியது.

தீயை அணைக்கக் கையில் இருந்தது பச்சை இலைக் கொத்து. அதை எப்படிப் பிடிப்பது என்பதையும் அந்தக் காவலர்தான் காட்டினார். ஓங்கி அடிக்கக் கூடாது. அடித்தால் பொறி பறந்து எரியாத புல்லில் விழும். கொத்தைச் சுடரின் மேல் அமுக்கி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். ஒருவர் அமுக்கி நகர்ந்ததும் அடுத்தவர் அதே இடத்தை மறுபடி அமுக்குவார். மூன்றாமவர் கனலைத் தேடிக் கிளறி மண் போடுவார். தீயின் தலைக்கு முன்னால் யாரும் போவதில்லை. வால் பக்கத்தில் தொடங்கி, இரு விலாவையும் நெருக்கிக்கொண்டே போய், கடைசியில்தான் தலையைப் பிடிப்பது. தலை பெரிதாக இருந்தால் எதிர்த்தீ. அதாவது, தீ வரும் திக்கில் தள்ளி ஓரிடத்தில் புல்லைச் செதுக்கிக் கோடு போட்டு, கோட்டின் உட்பக்கத்தில் நாமே தீ வைப்பது. பெருந்தீ நெருங்கும்போது தரையோரக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பில் நாம் வைத்த தீயும் அதை நோக்கி ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எரிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் இது வினையாகிவிடும். அனுபவசாலி இல்லாமல் ஒருவரும் இதில் கை வைக்கக் கூடாது.

நள்ளிரவு நெருங்கும்போது காற்று திரும்பியது. புகை மேலே போகாமல் எங்கள் மேல் இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குனிந்து வேலை பார்த்தோம். ஆனால் சுடர் தாழ்ந்துவிட்டது. புல்லில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது. "இப்ப நம்ம கைக்கு வந்துருச்சு" என்றார் காவலர். விடிவதற்குள் கோடு அணைந்தது, ஆனால் வேலை முடியவில்லை. காய்ந்த யானை லத்தி ஒன்று உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, காலையில் காற்று வந்ததும் உருண்டு, கீழே எரியாத புல்லில் போய் விழுந்தால் போதும். இரவு முழுக்கப் பட்ட பாடு வீண். அதனால் தீ அணைந்த பிறகும் கனல் தேடுகிற வேலை மறுநாள் மத்தியானம் வரை நீளும். யாரும் படம் எடுக்காத வேலை அது. காட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த வேலைதான்.

அந்த ஒரு முழ அகலத்தைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு இரண்டு உண்மைகள் விளங்கின. எவ்வளவு பெரிய மலைத்தீயானாலும் அதன் உயிர் விளிம்பில்தான் இருக்கிறது. அந்த விளிம்பு மெலிந்திருக்கும் நேரத்தில் சாதாரண மனிதர்கள் சேர்ந்தால் அதை அடக்கிவிடலாம். இன்னொன்று, எரிந்து முடிந்த தரையில் தீ மறுபடி எரியாது; ஆகவே அதுதான் அடைக்கலம். இந்த இரண்டாவது உண்மை எவ்வளவு பெரியது என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1949 ஆகஸ்ட் 5. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. காட்டுத்தீயை அணைக்க விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் 15 வீரர்கள் இறங்கினார்கள். காட்டில் இருந்த காவலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். எதிர்ப்பக்கத்தில் எரிந்த தீ பள்ளத்தாக்கின் வாயைத் தாண்டி இவர்கள் இருந்த புல்சரிவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் மலையுச்சியை நோக்கி ஓடினார்கள். தலைவர் வாக்னர் டாட்ஜ் ஒரு கட்டத்தில் நின்றார். தீக்குச்சியை எடுத்து, தன் காலடியில் இருந்த புல்லுக்கே தீ வைத்தார். அது எரிந்து மேலே போனதும், அந்தச் சூடான சாம்பலில் முகம் புதைத்துப் படுத்துக்கொண்டார். கூட வந்தவர்களையும் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் எழுந்து நடந்தார். ஓடியவர்களில் இருவர் பாறை இடுக்கு ஒன்றின் வழியே ஏறி உச்சியைக் கடந்து பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள். ஓடியவர்கள் கோழைகளும் அல்ல, பழக்கமில்லாதவர்களும் அல்ல. எரிந்த தரை காப்பாற்றும் என்பதை அந்த நொடியில் நம்புவதற்கு, அது முன்பே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு சொல்லிப் புரியவைக்க நேரம் இருக்காது. இன்று இதை உங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரவைப் பற்றி இன்னொரு கவலையான செய்தி உண்டு. சற்று முன்பு, இரவில் தீ தாழும், நம் கைக்கு வரும் என்று சொன்னேன். காலங்காலமாகத் தீயணைப்பவர்களுக்கு இரவு துணையாக இருந்தது. அந்தத் துணை குறைந்துகொண்டு வருகிறது. 2022இல் நேச்சர் ஆய்விதழில் ஜெனிஃபர் பால்ச் என்ற அறிஞரின் குழு, செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. 2003 முதல் 2020 வரை உலக அளவில் இரவுத் தீயின் உக்கிரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடியிருக்கிறது என்பது அதன் முடிவு. இரவுகள் முன்பைவிடச் சூடாகவும் வறட்சியாகவும் இருப்பதால், புல்லுக்கு ஈரம் ஏறுவதில்லை, தீ படுத்துக்கொள்வதில்லை. பெருங்காற்று சேர்ந்துவிட்டால் இரவுக்கு அர்த்தமே இல்லை. 2025 ஜனவரி 7 மாலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் மலையடிவாரத்தில் பற்றிய ஈட்டன் தீ, உச்சியிலிருந்து இறங்கிய புயற்காற்றில் ஒரே இரவில் ஆல்டடீனா என்ற ஊரை வீதி வீதியாக எரித்தது. அங்கே தீ மேலிருந்து கீழே இறங்கியது. நான் சொன்ன விதிகளைப் பெருங்காற்று புரட்டிப்போடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம்மிடம் இப்போது கருவிகள் இருக்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள்கள் காணும் வெப்பப் புள்ளிகளை எச்சரிக்கையாக அனுப்புகிறது. அவற்றில் ஒன்று நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கிலும், பகல் ஒன்றரை மணி வாக்கிலும் நம் தலைக்கு மேல் கடக்கிறது. 375 மீட்டர் அளவுக்கு இடத்தைக் குறித்துச் சொல்லும். பொதுமக்களும் பதிவு செய்துகொண்டு இந்த எச்சரிக்கைகளைக் கைப்பேசியில் பெறலாம். 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கத்து மலையில் தீ பிடித்தபோது, மலம்புழா அணையிலிருந்து தண்ணீர் அள்ளிக்கொண்டுவந்து விமானப்படை ஹெலிகாப்டர் ஊற்றியது. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டிலும் அதே உதவி வந்தது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் செயற்கைக்கோள் தீயைக் காட்டும், அணைக்காது. ஹெலிகாப்டர் ஊற்றும் தண்ணீர் சுடரைத் தணிக்கும், சருகுக்கு அடியில் உள்ள கனலைத் தேடாது. கடைசியில் ஒரு மனிதர் நடந்து போய், கையால் கிளறி, மண் போட வேண்டும்.

அந்த மனிதர்கள் சில நேரம் திரும்புவதில்லை. 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் தீயணைக்கப் போன வனக்காவலர் ஒருவர் இறந்தார். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் காட்டுத்தீயில் சிக்கி மூன்று வனக் காவலர்கள் இறந்தார்கள். நாளிதழில் சின்னச் செய்தியாக வந்து போன பெயர்கள் அவை.

தீ எப்படிப் பிடிக்கிறது? நம் நாட்டுக் காடுகளில் தீ தானாகப் பற்றுவது மிக அபூர்வம். அநேகமாக எல்லாம் மனிதக் கையால்தான். அணைக்காமல் எறிந்த பீடி, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைப்பது, தேனெடுக்கப் போட்ட புகை, வயலோரத்தில் கொளுத்திய குப்பை, வேண்டுதல் என்று மலையில் ஏற்றும் சூடம். பலருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பின்விளைவு தெரியாது, அவ்வளவுதான். ஆனால் காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். சரணாலயங்களில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

"நம் ஊர்க் குன்றில் என்ன இருக்கிறது, எரிந்தால் எரியட்டும்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். களாவும் காரையும் சூரையும் வளர்ந்த இந்தப் புதர்க்காடு வெறும் முள் இல்லை. தாம்பரத்துக்குப் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. அது மரத்தில் கூடு கட்டாது. பாறைத் திட்டிலும் தரையிலும் முட்டையிடும். கௌதாரி, காடை, ஆள்காட்டி எல்லாம் தரையில்தான் அடை காக்கும். கோடைத் தொடக்கத்தில் குன்றின் மேல் ஒரு முழ அகலத் தீ நகர்ந்தால் அந்த ஆண்டுக் குஞ்சுகள் போய்விடும். செடியின் வேர்ப்பிடிப்புப் போன மண், ஐப்பசி மழையில் கரைந்து இறங்கும். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். அந்த மண் வேறெங்கும் போகாது, நம் ஏரிகளின் அடியில்தான் போய்ப் படியும். பிறகு தூர்வாரச் சொல்லி மனுக் கொடுப்போம்.

ஆகையால் என்ன செய்வது? செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

மலையேறப் போகிறவர்கள் அனுமதியுள்ள பாதையில் மட்டும் போக வேண்டும். குரங்கணிக்குப் பிறகு 2018இலேயே அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் மலைப்பகுதி இளைஞர்களே வழிகாட்டிகள். கோடையில் பாதையை மூடினால் முணுமுணுக்காதீர்கள். மூடுவதற்குப் பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களின் பாடம் இருக்கிறது. வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். அவர் படித்த பள்ளி அந்த மலை.

பருத்தித் துணி உடுத்துங்கள். அதிக விலை கொடுத்து வாங்கும் செயற்கை இழை உடைகள் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கனமான பருத்தி கொஞ்ச நேரமாவது தாங்கும். நடக்கும்போதே வெறும் பாறை, தண்ணீர் உள்ள ஓடை, எரிந்த தரை, அகலமான மண்பாதை எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகை தெரிந்த அந்த நிமிடமே திரும்புங்கள். தீ எங்கே என்று பார்க்கப் போகாதீர்கள். தீ கீழே இருந்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, அதன் பாதையிலிருந்து வெளியேறுங்கள். சுடர் தாழ்ந்த இடம் வழியாக எரிந்த பக்கத்துக்குப் போக முடிந்தால் அங்கேதான் உயிர் தங்கும். குழுவாகப் போனால் சிதறாதீர்கள்.

ஊரில் இருப்பவர்கள் குன்றில் தீயைக் கண்டால் உடனே 101 அல்லது 112க்கு அழைத்து, எந்தக் குன்று, எந்தப் பக்கம், மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று சொல்லுங்கள். இந்த மூன்று விவரங்களும் அணைக்க வருகிறவர்களின் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். பழக்கமில்லாதவர்கள் தாங்களே அணைக்க ஏற வேண்டாம். குன்றடிவாரத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள், வேலியோரத்துக் காய்ந்த புல்லைத் தை மாதத்திலேயே செதுக்கிவிடுங்கள், எரிக்காதீர்கள். இங்கே இருக்கும் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தத் தீக்குச்சிப் பரிசோதனையை வகுப்பில் நீங்களே செய்து காட்டுங்கள். ஒரு தடவை பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

கடைசியாக, நம் எல்லோரின் சார்பிலும் ஒரு கோரிக்கை. காடுகளில் தீத்தடுப்புப் பணிக்கு எடுக்கப்படும் காவலர்களில் பலர் பருவத்துக்கு மட்டும் வேலை கொடுக்கப்படும் தற்காலிக ஊழியர்கள். இரவு முழுவதும் அந்த ஒரு முழ அகல நெருப்போடு நிற்பவர்கள் அவர்கள்தான். காலுக்கு நல்ல பூட்ஸ், உடம்புக்குத் தடித்த பருத்தி உடை, கையில் காற்றூதும் கருவி, தேதி தவறாத சம்பளம், விபத்துக்கும் உயிருக்கும் காப்பீடு. இவை அவர்களுக்குச் சலுகை இல்லை, உரிமை. மலைகளிலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்கிற நாம்தான் அதைக் கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது, கிராம சபையில் பேசும்போது, நாளிதழுக்கு எழுதும்போது விடாமல் கேட்க வேண்டும். குரங்கணியில் இறந்தவர்களுக்கும், அன்றிரவு இருட்டில் மலையேறிப் பலரைச் சுமந்து இறக்கியவர்களுக்கும் நாம் செலுத்தக்கூடிய மரியாதை இந்த அறிவைப் பரப்புவதும், இந்தக் கோரிக்கையை விடாமல் வைத்திருப்பதும்தான்.